நாய்க்கு மெத்தை

இரண்டு நாய்களுக்கு எதை விரித்துப் போடுவது என்ற கேள்வியிலேயே என் வாழ்க்கையில் ஒரு வருஷத்துக்கு மேல் போயிருக்கிறது. இதைச் சொன்னால் இன்றைக்கும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அப்போதும் சிரித்தார்கள். சிரித்தவர்களில் ஒருவர்கூட அந்த ஷெட்டுக்குள் குனிந்து தரையைத் தொட்டுப் பார்த்தது கிடையாது.

எழுபதுகளின் தொடக்கம் அது. பாடிக்கும் அம்பத்தூருக்கும் நடுவே ஒரு தொழிற்சாலையில் காவல் பிரிவில் இருந்தேன். செம்புக் கம்பியும் பித்தளைத் துண்டும் பின்பக்கத்து யார்டில் குவிந்து கிடக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் ஏரிக்கரை, முள்ளுக்காடு. திருடர்கள் சுவரேறிக் குதித்து மூட்டை மூட்டையாகக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார்கள். காவலுக்கு ஆள் கூட்டிப் பார்த்தார்கள், விளக்குப் போட்டுப் பார்த்தார்கள், சுவரின் மேல் கண்ணாடிச் சில்லு பதித்துப் பார்த்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் நிர்வாகம் இரண்டு அல்சேஷன் நாய்களை வாங்கியது. நாயை யார் பார்த்துக்கொள்வது என்று கேட்டபோது, வரிசையில் நின்ற எல்லோரும் ஓரடி பின்னால் போனார்கள். நான் எதையோ யோசித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். அதை ஆர்வம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

அப்பா ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் இருந்தார். எங்களுக்குக் குவார்ட்டர்ஸ் வீடு. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்காக வந்த குடும்பம். நாய் விஷயத்தைச் சொன்னதும் அவர் சோற்றில் கை வைத்தபடியே என்னை நிமிர்ந்து பார்த்தார். “ஊரை விட்டு இம்புட்டுத் தூரம் வந்தது நீ நாய் மேய்க்கவாலே?” என்றார். அதற்கப்புறம் ஒரு மாதம் அவர் என்னிடம் வேலையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

நாய்களுக்கு ஆபீஸில் ஏதோ இங்கிலீஷ் பெயர் வைத்திருந்தார்கள். அது எனக்கு வாயில் நுழையவில்லை. நான் கூப்பிட்டது பெரியவன், சின்னவள் என்றுதான். சின்னவள் துள்ளல். எதைக் கொடுத்தாலும் கிழித்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலை. பெரியவன் அப்படி இல்லை. சொன்னால் சொன்னபடி. சோற்றை முன்னால் வைத்துவிட்டு நான் மறந்துபோய் அடுத்த கேட்டுக்குப் போய்விட்டால், நான் திரும்பி வந்து ‘சாப்பிடு’ என்று சொல்லும் வரை எச்சில் ஒழுகத் தட்டைப் பார்த்துக்கொண்டே இருப்பான். அவன் வந்த பிறகு சுவரேறி வந்தவர்கள் இரண்டு தடவை வெறுங்கையோடு ஓடினார்கள். செருப்பை விட்டுவிட்டு ஓடியவனும் உண்டு.

ஷெட்டைக் கட்டியவர் ஒரு கட்டட கான்ட்ராக்டர். அவர் நாயை எப்போதாவது பார்த்திருப்பாரா என்பதே சந்தேகம். சைக்கிள் நிறுத்தும் இடத்துக்குப் பின்னால் சுற்றுச்சுவரை ஒட்டி இரண்டு தடுப்பு. மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட், முன்னால் கம்பிக் கதவு, கீழே வழவழவென்று சிமென்ட் தரை. கழுவி விடத் தோதாக இருக்கும் என்று பெருமையாகச் சொன்னார். தோதுதான். ஆனால் தண்ணீர் வெளியே போக வாட்டம் வைக்க மறந்துவிட்டார். கழுவிய தண்ணீர் நேராக நாய் படுக்கிற மூலையைத் தேடிப் போய் நிற்கும். சித்திரை வைகாசியில் மேல் ஷீட் காய்ந்து உள்ளே அனல் அடிக்கும். ஐப்பசி பிறந்தால் ஏரி நிரம்பி, தரை தானாகவே கசியத் தொடங்கும்.

முதலில் பெரியவனின் முன்னங்கால் முட்டியில் மயிர் உதிர்ந்தது. பிறகு தோல் தடித்தது. பிறகு ஒரு கோலிக்குண்டு அளவுக்கு நீர் கோத்துக்கொண்டு, ஒரு நாள் அது உடைந்தது. இரவெல்லாம் யார்டைச் சுற்றி வந்துவிட்டுப் பகல் முழுக்க அந்தச் சிமென்டில் கிடக்கிறான். கனத்த உடம்பு. அத்தனை பாரமும் அந்த முட்டி எலும்பில் இறங்குகிறது. பூந்தமல்லியிலிருந்து ஸ்கூட்டரில் வருகிற மாட்டு டாக்டர் மருந்து வைத்துக் கட்டினார். “கட்டு பெரிசில்லப்பா. கீழ மெத்துன்னு ஏதாவது போடணும். இல்லேன்னா ஆறவே ஆறாது. உள்ள எலும்புக்குப் போயிடுச்சுன்னா அப்புறம் என்னால ஒண்ணும் பண்ண முடியாது” என்றார்.

இதை நான் நிர்வாக அதிகாரியிடம் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் எதையும் உடைத்துப் பேசுகிறவர். “வேலை பாக்குற நாய்க்குத்தான்யா இங்க சோறு. நொண்டுற நாயை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? டாக்டர்கிட்ட சொல்லி ஊசியைப் போட்டு அனுப்பிட வேண்டியதுதான். அதுக்குள்ள ஏதாவது விரிச்சுப் போட்டுச் சரி பண்ணு” என்றார். ஆக, நாயின் உயிர் ஒரு விரிப்பில் இருந்தது. அந்த விரிப்பைக் கண்டுபிடிக்கிற பொறுப்பு என் தலையில்.

முதலில் கோணி. எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். ஸ்டோரில் கேட்டதும் ஒரு கட்டுத் தூக்கிக் கொடுத்தார்கள். மடித்து மடித்துத் தடிமனாகப் போட்டேன். எனக்கே அதில் படுக்கலாம் போல இருந்தது. மறுநாள் பார்த்தால் பெரியவனின் வயிறெல்லாம் சிவந்து திட்டுத் திட்டாக இருக்கிறது. சிமென்ட் வந்த கோணி அது. அப்போதெல்லாம் சிமென்ட் சணல் கோணியில்தான் வரும். உதறினாலும் இழைக்குள் தூசு நிற்கும், ஈரம் பட்டால் எரிக்கும். ஸ்டோர்க்காரரிடம் போய்க் கத்தினேன். “நாய்க்குத்தானேப்பா” என்றார். வீட்டுக்குக் கொண்டுபோய்க் குழாயடியில் ஊறவைத்துத் துவைத்தேன். குவார்ட்டர்ஸ் பெண்கள் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு தள்ளிப்போய் நின்றார்கள். துவைத்துக் காயவைத்துக் கொண்டுபோய்ப் போட்டால், சின்னவள் தன்னுடையதையும் கிழித்து, தடுப்புக்கடியில் மூக்கை நீட்டி அவனுடையதையும் இழுத்துக் கிழித்து, பாதியை விழுங்கியும்விட்டாள். ரெண்டு நாள் அவள் பின்னால் நின்று சணல் நூலை இழுக்கிற வேலையும் எனக்கே வந்து சேர்ந்தது. இதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல வேண்டாம்.

அடுத்தது வைக்கோல். நூம்பல் பக்கமெல்லாம் அப்போது நெல் விளைந்துகொண்டிருந்தது. சைக்கிளை மிதித்துக்கொண்டு போய் ஒரு கட்டு வாங்கி, கேரியரில் வைத்துக் கட்டிக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் உதிர்ந்தது. பஸ்ஸில் போகிற எங்கள் கம்பெனி ஆட்கள் ஜன்னலில் தலையை நீட்டி “மாமே, மாடு எங்க?” என்று கத்தினார்கள். ஆனால் வைக்கோலைப் பரப்பியதும் பெரியவன் அதன் மேல் மூன்று சுற்றுச் சுற்றி, காலால் குழி பறித்து, பெருமூச்சு விட்டுப் படுத்தான். வாரத்துக்கு ஒரு தடவை மாற்றினேன். புண்ணின் ஓரம் காய ஆரம்பித்தது. மாட்டு டாக்டர் பார்த்துவிட்டு “இதையே விடாம பண்ணு” என்றார்.

விட்டால்தானே. தீ பாதுகாப்பு என்று ஒரு பிரிவு உண்டு. அதன் தலைவர் ஒரு நாள் சைக்கிளை நிறுத்த வந்தவர் வைக்கோலைப் பார்த்துவிட்டார். பின்னால் பெயின்ட் குடோன் இருக்கிறதாம். ஒரு பொறி பட்டால் கம்பெனியே போய்விடுமாம். அன்று மாலைக்குள் எல்லாவற்றையும் வாரி வெளியே கொட்டச் சொல்லிவிட்டார். நான் கெஞ்சினேன். அதே பெயின்ட் குடோன் வாசலில் டப்பாக்களின் மேல் உட்கார்ந்து ஆட்கள் பீடி பிடித்துக்கொண்டிருந்ததைக் கையைக் காட்டியும் சொன்னேன். “அது வேற, இது வேற” என்றார். எது வேறு என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. நான் வைக்கோலை வாரும்போது பெரியவன் ஒதுங்கி நின்று, நான் வேலையை முடிக்கிற வரை காத்திருந்து, வெறும் தரையில் படுத்தான். அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த ஆளின் சைக்கிள் காற்றைப் பிடுங்கிவிட்டேன். இதில் எனக்கு வருத்தம் ஒன்றும் கிடையாது.

மூன்றாவதாக வந்ததுதான் வேஸ்ட். மெஷின் ஷாப்பில் கை துடைக்க நூல் கழிவைப் பந்து பந்தாக வைத்திருப்பார்கள். பார்த்தால் பஞ்சு போலவே இருக்கும். என் அலைச்சலைப் பார்த்த ஒருவர் தானாகவே ஒரு மூட்டை கொண்டுவந்து போட்டார். “இந்தா அண்ணாத்தே, பஞ்சு கணக்கா கீது. உன் நாயி மகாராசாவாட்டம் படுத்துக்கும்” என்றார். எல்லாம் நல்லெண்ணம்தான். எண்ணெய்ப் பிசுக்கு இல்லையே என்று நானும் மேலாகக் கிளறிப் பார்த்து விரித்துவிட்டேன். கடைசல் இயந்திரத்தில் வெட்டி விழுகிற இரும்புச் சுருள் இருக்கிறதே, அது பிளேடு மாதிரி. துடைத்துப் போட்ட வேஸ்ட்டுக்குள் அது சுருண்டு ஒளிந்திருந்தது. சின்னவளுக்கு இரண்டு பாதத்திலும் ஏறிவிட்டது. வேறெந்த ஊரிலும் ஒரு நாய்க்கு இந்த மாதிரி ஒரு காயம் பட்டிருக்காது. எங்கள் ஆட்களுக்குத்தான் இரும்புச் சுருளோடு சேர்ந்த நூலைப் பார்த்தால் பஞ்சு மாதிரித் தோன்றும்.

ஒருத்திக்குப் பாதம், ஒருவனுக்கு முட்டி. இரண்டு பேரும் ஷெட்டில் கிடந்த அந்த வாரம் பின்சுவர் ஏறி ஒரு சுருள் செம்புக் கம்பியைக் கொண்டுபோய்விட்டார்கள். நிர்வாக அதிகாரி என்னைக் கூப்பிட்டு நிற்கவைத்துக் கேள்வி கேட்டார். ‘நாய் படாத பாடு’ என்று சொல்கிறோமே, நாய் பட்ட பாட்டையும் பார்த்துவிட்டு நான் பட்ட பாட்டையும் பார்த்திருந்தால் அதைச் சொல்கிறவர்கள் வேறு ஏதாவது சொல்லியிருப்பார்கள்.

மாட்டு டாக்டர்தான் வழி சொன்னார். தேங்காய் நாரை அடைத்து, மேலே ரெக்சின் போட்டுத் தைத்துவிட்டால் ஈரம் இறங்காது, கழுவலாம், சின்னவள் பல்லுக்கும் கொஞ்சம் தாங்கும். நான் நேராக நிர்வாக அதிகாரியின் அறைக்குப் போனேன். அவருக்கு டீ கொண்டுவந்த கேன்டீன்காரர் மேஜையருகே நின்றிருந்தார். நான் அவரைக் கவனிக்கவே இல்லை.

“சார், நாய்க்கு மெத்தை வேணும்” என்றேன்.

அதிகாரி சிரித்தார். கம்பி போன சூடு இன்னும் அவருக்கு ஆறாததால் சரி என்றும் சொல்லிவிட்டார். “ரெண்டு தைக்கச் சொல்லிடு.” அவ்வளவு சுலபமாக அவர் எதற்கும் ஒத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. வெளியே வந்தபோது விசில் அடித்துக்கொண்டு நடந்தேன்.

நான் மெயின் கேட்டுக்கு வந்து சேர்வதற்கு முன்னால் செய்தி வந்து சேர்ந்துவிட்டது. அங்கே தொழிற்சங்கச் செயலாளர் நின்றிருந்தார். டர்னர், கடைசல் இயந்திரம் ஓட்டுகிறவர். பாடியில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய அப்பா அந்தப் பக்கத்து வயல்களில் கூலி வேலை பார்த்தவர். நல்ல தொண்டை அவருக்கு. மைக் இல்லாமல் பேசினாலும் ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்பவர்களுக்குக் கேட்கும்.

“இன்னா அண்ணாத்தே, நாய்க்கு மெத்தை தெக்கிறாங்களாமே? மெய்யாலுமா?”

“முட்டியில புண்ணுங்க. தரையில படுத்துப் படுத்து...”

“எங்களுக்குந்தான் முதுவு நோவுது. யாரு கேட்டாங்க? நைட் ஷிப்ட்ல அரை மணி நேரம் சாயணும்னா அட்டைப் பொட்டிய கீச்சி விரிச்சிகினு படுக்கிறோம். எங்க நைனா களத்துமேட்டுல மண்ணு மேல படுத்தாரு. நான் கம்பெனில சேந்து, இஎஸ்ஐ, பிஎப் எல்லாம் வாங்கிகினு, இன்னும் தரையிலதான் படுத்துகினு கீறேன். நாயி மெத்தையில படுக்கும்னா எப்படி கீது ஞாயம்?”

அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாத எரிச்சல். அநியாயக்காரனோடு சண்டை போடலாம். நியாயத்தைக் கையில் வைத்துக்கொண்டு என் நாயின் கழுத்தில் கால் வைக்கிறவரோடு என்ன சண்டை போடுவது?

மறுநாள் கேட்டில் கூட்டம். சுற்றுச்சுவரில் கரியால் பெரிதாக எழுதியிருந்தார்கள்: ‘நாய்க்கு மெத்தை, உழைப்பவனுக்குத் தரை.’ அதையே கோஷமாகவும் போட்டார்கள். சந்தம் நன்றாக அமைந்துவிட்டது, அதனால் நிற்கவே இல்லை. பக்கத்துக் கம்பெனிக்காரர்கள்கூட வந்து நின்று சேர்ந்து போட்டார்கள். உள்ளே ஷெட்டில் சின்னவள் ஒவ்வொரு கோஷத்துக்கும் ஒரு குரைப்பு கொடுத்தாள்.

நிர்வாக அதிகாரி என்னைக் கூப்பிட்டார். “ஏன்யா, உனக்குத் தமிழ்ல வேற வார்த்தையே கிடைக்கலையா? விரிப்புன்னு சொல்ல வேண்டியதுதானே? பாய்னு சொல்ல வேண்டியதுதானே? மெத்தைன்னா சொல்லுவே?” நார் அடைத்து, மேலே துணி போட்டுத் தைத்தது மெத்தை இல்லாமல் வேறு என்ன? அதை அவரிடம் சொல்லவும் சொன்னேன். “வாயை மூடிக்கிட்டுப் போ” என்றார். அதற்குள் இரண்டு மெத்தையும் தைத்து வந்துவிட்டது. பச்சை ரெக்சின், சுற்றிலும் கறுப்பு நூல் தையல். அவற்றை ஸ்டோரில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தால் தெரியும். போகும்போதும் வரும்போதும் நான் அந்த ஜன்னலைப் பார்க்காமல் இருக்க முயற்சி செய்தேன், முடியவில்லை.

பேச்சுவார்த்தை இழுத்து இழுத்து, கடைசியில் தொழிலாளர்களுக்கு ஓய்வறை கிடைத்தது. பெஞ்சு, ஃபேன், கயிற்றுப் பாய். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அதில் சந்தோஷம்தான். பூட்டி வைத்த இரண்டு மெத்தையையும் அங்கே போடலாமே என்று யாரோ நிர்வாகத்தில் சொல்லப்போக, நாய்க்குத் தைத்ததில் நாங்கள் படுப்பதா என்று அதற்கும் ஒரு கூட்டம் நடந்தது. பிறகு எலிதான் அவற்றைப் பிரித்தது. காவல் பிரிவு சங்கத்தில் சேர்ந்ததில்லை என்பதால் அந்த ஓய்வறைக்குள் எனக்கும் இடம் கிடையாது. என் நாய் கிளப்பிய சண்டையில் எனக்கும் நாய்க்கும் மட்டும் ஒன்றும் கிடைக்கவில்லை.

இதெல்லாம் நடந்த மாதங்களில் புண் நெல்லிக்காய் அளவுக்கு வந்துவிட்டது. நான் என் பழைய வேட்டி, அம்மாவின் புடவை, அப்பாவின் காக்கிப் பேன்ட் என்று எதை எதையோ மடித்துப் போட்டேன். பெரியவன் படுப்பான், சின்னவள் இழுப்பாள், நான் துவைப்பேன். ஈரத்துணியைப் போட முடியாமல் காயவைக்க இடம் தேடுவேன். அம்மா ஒரு நாள் பீரோவைத் திறந்து பார்த்துவிட்டு, “இனிமே நான் எதைக் கட்டிக்கிட? கோணியவா?” என்று கேட்டாள்.

ஒரு மத்தியானம் செயலாளர் சைக்கிளை எடுக்க வந்தார். பெரியவன் முட்டியை நக்கிக்கொண்டிருந்தான். செயலாளர் கம்பிக்கு வெளியே குந்தி உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்தார்.

“இவ்ளோ பெருசா கீதா? நீ சொல்லவேயில்லியே.”

“சொன்னேன். நீங்க கோஷம் போட்டுக்கிட்டு இருந்தீங்க.”

அவர் கோபப்படவில்லை. “நீ மெத்தைன்னு சொன்னே. மெத்தைன்னா எவனுக்குத்தான் வயிறு எரியாது? ஸ்டாண்டுன்னு சொல்லிகினு வந்திருந்தியினா நானே அடிச்சிக் குடுத்திருப்பேன்” என்றார்.

எங்கள் கம்பெனியில் எல்லாவற்றுக்கும் ஸ்டாண்டு உண்டு. தண்ணீர்ப் பானைக்கு ஸ்டாண்டு, கேஸ் சிலிண்டருக்கு ஸ்டாண்டு, ஆயுதபூஜைக்குச் சாமி படத்துக்கும் ஸ்டாண்டு. ஒரு பொருளுக்கு ஸ்டாண்டு அடிக்கிறார்கள் என்றால் எவனும் எதற்கு என்று கேட்க மாட்டான். அன்று சாயங்காலமே வெல்டிங் ஷாப்பிலிருந்து ஆளுக்கொன்றாக இரண்டு ஸ்டாண்டு வந்துவிட்டது. ஆங்கிள் இரும்பில் சட்டம், முழங்கால் உயரத்துக்கும் கீழே நான்கு கால். மெஷின் ஓட்டித் தேய்ந்த பழைய கான்வாஸ் பெல்ட்டைக் குறுக்கும் நெடுக்கும் கட்டில் மாதிரிப் பின்னி முறுக்கியிருந்தார்கள். தண்ணீர் நிற்காது, காற்று ஓடும், கிழிபடாது, தீப்பிடிக்காது. கையை வைத்து அழுத்தினால் இறங்கிக் கொடுத்தது. அத்தனை மாதமாக நான் தேடியது அதுதான். ஒரு வார்த்தையை மாற்றிச் சொல்லியிருந்தால் முதல் வாரமே கிடைத்திருக்கும்.

ஸ்டாண்டை உள்ளே வைத்தேன். பெரியவன் அதை முகர்ந்து பார்த்தான். சுற்றி வந்தான். பிறகு அதன் அடியில் புகுந்து சிமென்ட் தரையில் படுத்துக்கொண்டான்.

தூக்கி மேலே வைத்தேன். அவனுக்கு உடம்பெல்லாம் நடுங்கியது. கையை எடுத்ததும் குதித்து இறங்கிவிட்டான். மறுபடி தூக்கினேன், மறுபடி இறங்கினான். பிஸ்கட்டை மேலே வைத்தேன். கழுத்தை நீட்டித் தின்றான், காலை வைக்கவில்லை. அவனைப் பழக்கிக் கொடுத்தவர் பட்டாளத்தில் நாய்களோடு இருந்து ஓய்வு பெற்றவர். அவரைத் தேடிக்கொண்டு பூந்தமல்லிக்குப் போனேன். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகத்தில் பெருமை வந்துவிட்டது. “ஏற மாட்டான். கட்டில், நாற்காலி, பெஞ்சு, எதுலயும் ஏறக் கூடாது. குட்டியிலயே பிரம்பால சொல்லிக் குடுத்தது. தரைதான் அவனோட இடம். மறக்கவே மாட்டான்” என்றார். இதை எப்படி மறக்கவைப்பது என்று கேட்டேன். அப்படி ஒரு கேள்வியை யாரும் அவரிடம் கேட்டதில்லை போலிருக்கிறது. “அவ்வளவு நல்லாப் பழக்கினதை எதுக்குப்பா கெடுக்கணும்?” என்றார்.

திரும்பி வந்து கெஞ்சினேன், திட்டினேன், நானே அந்த ஸ்டாண்டின் மேல் படுத்துக்காட்டினேன். சைக்கிள் எடுக்க வந்தவர்கள் அதையும் பார்த்துச் சிரித்தார்கள். சின்னவளோ இரண்டாம் நாளே தன்னுடைய ஸ்டாண்டில் ஏறி மல்லாந்து காலை விரித்துக்கொண்டு தூங்கினாள். சொன்ன பேச்சைக் கேட்காதவளுக்குக் கட்டில், கேட்டவனுக்குத் தரை. அவனுடைய ஒழுங்கைப் பார்த்து எத்தனையோ பேரிடம் பெருமையடித்திருக்கிறேன். அப்போது அந்த ஒழுங்கைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஸ்டாண்டின் காலை அறுத்துத் தரையோடு போட்டுப் பார்த்தேன். அப்போதும் பெல்ட்டில் கால் பட்டதும் பின்வாங்கினான். அதுவும் கட்டில்தான் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. மறுபடி காலை ஒட்டவைத்துக் கொடுத்த வெல்டர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

மழை பிடித்துக்கொண்டது. தரை கசிந்தது. பெரியவனுக்குக் காய்ச்சல் வந்து இறங்கவில்லை. மூன்று காலில் நடந்தான், பிறகு அதுவும் இல்லை. மாட்டு டாக்டர் முட்டியைத் தொட்டுப் பார்த்தபோது அவன் கத்தவில்லை, என் கையைத் தேடி மூக்கை வைத்தான். “எலும்புக்குப் போயிடுச்சுப்பா” என்றார் டாக்டர். வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். “வெச்சுக்கோ. ஆனா நீ பாத்துக்கிட்டு இருக்கிறதுக்காக அது வலியைத் தாங்கணுமா?” என்று கேட்டார். ஊசியைப் போட்டு அனுப்பிவிடலாம் என்று ஒத்துக்கொண்டேன்.

ஊசி போடுகிற அன்று காலை தூறிக்கொண்டிருந்தது. ஷெட்டெல்லாம் தண்ணீர். டாக்டரால் கீழே மண்டியிட முடியவில்லை. “அந்த ஸ்டாண்டு மேல தூக்கி வைங்க” என்றார். கேள்விப்பட்டு வந்திருந்த செயலாளர் பின்பக்கமும் நான் முன்பக்கமும் பிடித்துத் தூக்கி வைத்தோம். பெரியவன் இறங்கப் பார்த்தான். கால் ஒத்துழைக்கவில்லை. காதை மடக்கிக்கொண்டு என் கையைப் பார்த்தான். அதில் பிரம்பு இருக்கிறதா என்று பார்க்கிறான் என்பது எனக்குத் தெரிந்தது.

“இல்லடா. ஒண்ணும் இல்ல. படு” என்றேன். தலையைத் தடவிக்கொண்டே திரும்பத் திரும்பச் சொன்னேன். “படு. பரவாயில்ல, படு.”

கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு நடுக்கம் நின்றது. தலையைச் சாய்த்தான். பெல்ட் இறங்கிக் கொடுத்தது. புண் பட்ட முட்டி இரண்டு பட்டைகளுக்கு நடுவே எதிலும் படாமல் இறங்கியது. அவன் நீளமாக ஒரு மூச்சு விட்டு, காலை நீட்டி, கண்ணை மூடினான். வைக்கோலுக்கு அப்புறம் அவன் அப்படிப் படுத்து நான் பார்க்கவே இல்லை.

டாக்டர் ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். “போடட்டுமா?”

“கொஞ்சம் இருங்க சார்” என்றேன். “இப்பத்தான் படுத்திருக்கான்.”